காயாத காவிச் சுவர்

அன்புள்ள ஹில்க்கா அக்காவுக்கு, தங்கை சைமி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று பசுக்களும் சுகம். உன் முழங்காலுக்காக இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். வலி குறைந்ததா என்று எழுது.

அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த மரக்கட்டை வீட்டில் உன் பாதியை விற்கப்போவதாகவும், நடுக்கோடைப் பண்டிகைக்கு முதல் நாள் ஹெல்சிங்கிக்காரர் ஒருவர் பார்க்க வருவதாகவும், அதற்குள் சுவரைக் கழுவிச் சிவப்பாக்கிவிடும்படியும் போனில் சொன்னாய். முப்பத்தொரு வருஷமாக இங்கே குடியிருக்கும் எனக்கு, அடுப்புக்கு அந்தப் பக்கம் உன் பாதியில் கோடைதோறும் யாரோ ஒருவர் குறட்டை விடுவாரே என்று இருந்தது. இருந்தாலும் மூத்தவள் சொல்லாயிற்றே என்று சரி சொன்னேன்.

பிரஷ்ஷால் தேய்த்தால் போதும் என்றேன். என் வீட்டுக்காரர் தைஸ்தோ கேட்காமல் தண்ணீர் பீய்ச்சும் மிஷினை இரவல் வாங்கி வந்தார். அவர் வெளியே அடிக்க, குளிர் நுழையாமல் கட்டைகளுக்கு இடையில் அப்பா அடைத்த காய்ந்த பாசியெல்லாம் பிய்த்துக்கொண்டு உள்ளே பறந்து, மேஜையில் இருந்த என் காப்பிக் கோப்பை தளும்பத் தளும்ப நிரம்பிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து வெண்ணெய்க் கத்தியால் பாசியைத் திரும்ப அடைத்தேன். பிறகு முற்றத்து அண்டாவில் சாயம் காய்ச்சினோம். என் நோட்டில் உள்ளபடி தண்ணீர் ஐம்பது லிட்டர், அன்னபேதி உப்பு இரண்டு கிலோ, காவி மண் எட்டு, ரை தானிய மாவு மூன்றரை. அளவில் பிசகே இல்லை. ஆனால் மாவுக்குப் பதிலாக, ஈஸ்டருக்கு மெம்மிக் களி கிண்டி மிஞ்சியிருந்த முளைகட்டிய மாவை அந்த மனுஷன் கொட்டிவிட்டார். அது கூழை இறுக விடாமல் சர்க்கரைப் பாகாக்கிவிடும் என்று ஆம்பிளைகளுக்கு எப்படித் தெரியும்? பூசி நான்கு நாளாகியும் சுவர் காயவில்லை. ஊர்க் குளவியெல்லாம் நம் வீட்டில்தான். பக்கத்துப் பண்ணை கௌக்கோவின் வெள்ளாடுகள் வந்து உரசிச் சிவப்பாகித் திரும்ப, அவர் வேலியோரம் நின்று, "ஏன் சைமி, ஞானஸ்நானம் குடுக்க என் ஆடுங்கதான் கெடச்சுதா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து உன் ஹெல்சிங்கிக்காரர் வெள்ளை பேண்ட்டோடு இறங்கினார். நல்ல மனிதர்தான். ஏரியைப் பார்த்து உருகி, அப்படியே சுவரில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது பின்பக்கம் முழுக்கக் காவி, அதில் இரண்டு குளவி.

"மழை பெஞ்சா இந்த வீடு கரைஞ்சிடுமா?" என்று கேட்டார்.

தைஸ்தோ வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னும் மழை வரலீங்களே," என்றார்.

வந்தவர் காப்பிக்குக்கூட உட்காராமல் போய்விட்டார். இப்படி ஒரு மனுஷனுக்கு நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், அக்கா. அவரை மன்னித்துவிடு, நான் மன்னித்துவிட்டேன். ஆண்டவர் சமாதானம் உன் வீட்டிலும் முழங்காலிலும் தங்குவதாக.

உன் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
சைமி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு மனசில் பொய்யோடு போகக்கூடாது. எந்த மாவு மூட்டை என்று தைஸ்தோ என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொட்டினார். முளைகட்டிய மாவை விரல் நீட்டிக் காட்டியது நான். நல்ல மாவு மூன்றரைக் கிலோவும் பத்திரமாக இருக்கிறது. அந்த ஹெல்சிங்கிக்காரர் இனி வரமாட்டார் என்று நீ எழுதிய அன்றே, ஒழுங்காகக் காய்ச்சிப் பூசிவிடுகிறேன்.