டிஜிட்டல் அண்ணாச்சியின் ஒட்டுக்கேட்கும் பெட்டி

அமீரகத்தில், ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலை ஒன்றில் பதினோரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். குவாரியில் வெடி வெடித்தபோதுகூட டிஜிட்டல் அண்ணாச்சியால் நடுங்கிய அளவுக்கு நான் நடுங்கியதில்லை.

கேம்ப் அறையில் ஆறு கட்டில். எனக்கு அடுத்தது அவருடையது. திருநெல்வேலிக்கார எலெக்ட்ரீஷியன். ஆலையின் வாக்கிடாக்கிகள் டிஜிட்டலுக்கு மாறிய வாரம், எங்கிருந்தோ ஒரு ஸ்கேனர் ரேடியோவோடு வந்தார். அலைவரிசை, கலர் கோட் என்கிற குறியீட்டு எண், பேசும் குழுவின் எண் மூன்றும் பொருந்தினால்தான் பேச்சு கேட்கும். ஒன்று பிசகினாலும் தகரத்தில் மணல் கொட்டும் சத்தம். குழு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பத்தொன்பது நாள் மணல் கேட்டோம். இருபதாம் நாள், கிரஷர் ஃபோர்மேன் யாரையோ திட்டுவது சுத்தமாகக் கேட்டது.

"அண்ணாச்சி, பிடிபட்டா விசா கேன்சல். ஆறு பேருக்கும்."

"கேக்கத்தான சார் செய்யுதேன், பேசவா செய்யுதேன்?"

தாழ்ப்பாளை மூன்று தடவை சரிபார்த்தேன்.

கேட்டதோடு நின்றாரா? மோட்டார் நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னால் போதும், கூப்பிடுமுன்பே டூல் பையோடு அங்கே போய் நிற்பார். நான்காவது தடவை செக்யூரிட்டி மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் நோட்டீஸ்: யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள், சிக்கினால் ஊருக்கு.

"இனி போன் வராம எந்திரிக்க மாட்டேன் சார்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரேடியோ அலறியது. கல் ஏற்றும் மூன்றாம் கன்வேயர் பெல்ட்டில் ஒருவனின் சட்டை மாட்டிக்கொண்டது; அவசர சுவிட்ச் வேலை செய்யவில்லை. சுவிட்ச் ரூம் பூட்டியிருக்கிறது. அன்று அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஸ்டாண்ட்பை ஆள் அண்ணாச்சி. சாவி அவர் இடுப்பில். பதற்றத்தில் ஒருவரும் அவருக்குப் போன் போடவில்லை.

"சார், சத்தியம் பண்ணிருக்கேன்..."

"போய்த் தொலையும்" என்றேன்.

ஓடினார். பின்னால் நானும், எண்ணி முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்து. மின்சாரம் நின்றது. சட்டை கிழிந்தது, ஆள் பிழைத்தான்.

செக்யூரிட்டி மேனேஜர் வந்தார். யார் கூப்பிட்டது என்று அண்ணாச்சியைக் கேட்டார். "கிஸ்னே புலாயா, பாய்?"

அண்ணாச்சி சாவியைத் திரும்ப இடுப்பில் மாட்ட ஆரம்பித்தார்.

"மைனே" என்றேன். இந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன், அலறல் கேட்டது, நான்தான் போன் பண்ணினேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தேன். மேனேஜர் என்னையே பார்த்தார். ஏழு விநாடி. பிறகு, "அச்சா" என்று நகர்ந்தார்.

அறைக்கு வந்ததும் அண்ணாச்சி இயர்போனின் ஒரு முனையை என் காதில் செருகினார். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று கட்டிலிலிருந்தே இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆனாலும் இயர்போனை எடுத்துவிடத் தோன்றவில்லை.