செத்தவன் காபி குடித்த காலைக்காட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் நல்ல படம். என் மாமனார் வீட்டார் இத்தனை வருஷமாக மறுக்கிறார்கள், மறுத்துக்கொள்ளட்டும். அன்றைக்குத் தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதூக்கினாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இருப்பேன். என்மேல் தப்பு உண்டு. படத்தின் மேல் இல்லை.

தொண்ணூறுகள் பிறந்த புதுசு. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று குறிப்பதுதான் வேலை. ஆனால் உலக சினிமா மொத்தமும் என் தோளில்தான் நிற்கிறது என்பது நினைப்பு. எந்த இங்கிலீஷ் படம் வந்தாலும் முதல் ஆளாகப் போய்விடுவேன். பாதி புரியாது. புரியாத பாதியைப் பற்றித்தான் மில் கேன்டீனில் மணிக்கணக்காகப் பேசுவேன். (புரிந்த பாதியில் பேச என்ன இருக்கிறது?) கேட்பவனுக்கும் புரிந்திருக்காது என்பதால் சில வருஷங்கள் அறிவாளியாகவே காலம் ஓடியது.

அந்த வருஷம் ஆனி மாதம் எனக்கு மம்சாபுரத்தில் பெண் நிச்சயமானது. பெண் பெயர் கோமதி. அவள் அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் ஓய்வு பெறவில்லை. ஆவணியில் கல்யாணம். நடுவில் ஆடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேருக்குக் கோமதி வீட்டார் ஒன்பது பேர் வருகிறார்கள், தேர் பார்த்த கையோடு மாப்பிள்ளை அவர்களை ஒரு படத்துக்குக் கூட்டிப்போவது மரியாதை என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். அங்கே ஒரு தியேட்டரில் பக்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் அம்மா என்னை வாசல்வரை விரட்டி வந்து சொன்னாள்: "சாமி படத்துக்குக் கூட்டிட்டுப் போ. படம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்காத."

நான் இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப்போனேன். வாயையும் திறந்தேன்.

போஸ்டரில் வெறும் பனி. நடுவில் ஒரு கண். அதைப் பார்த்ததுமே கோமதியின் அத்தை கையிலிருந்த பால்கோவாப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "மாப்ளே, இங்கிலீஷ் படம்னா ஒரு மாதிரி இருக்கும்பாகளே?"

"இது அறிவியல் படம். பாடம் மாதிரி."

"பாடமா? நான் அஞ்சாப்போட நிறுத்தினவ."

"நான் பக்கத்துல இருந்து வெளக்கிச் சொல்லுதேன்." (என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளிலேயே முழுசாகக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.)

படம் தொடங்கியது. உலகத்தின் ஏதோ ஒரு கோடியில் பனிக்காடு. அதில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே விஞ்ஞானிகள். புயலுக்குள் போன புருஷன் மூன்று நாள் கழித்துத் திரும்பி வருகிறான். அதே முகம், அதே குரல். ஆனால் பெண்டாட்டி அவனையே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு கடிகாரம் மட்டும் ஓடுகிறது. முன்வரிசையில் ஒருவர், "ஏலே, சாவி குடுத்த கடிகாரத்தைப் படம் புடிச்சிருக்கான்லே!" என்றார். இன்னொருவர் குறட்டையைத் தொடங்கினார். அரைமணி நேரத்தில் திரை வெள்ளையாகி, அப்படியே நின்றது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். விசில் பறந்தது.

மாமனார் என் பக்கம் சாய்ந்தார். "என்ன மாப்ளே, ஒண்ணும் தெரியல?"

"பனி, மாமா."

"அசையலியே?"

"அதான் மாமா தனிமை."

மாமனார் தலையாட்டினார். பட்டாளத்தில் லடாக்கில் எல்லாம் இருந்தவர், பனி தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை சொல்கிறாரே என்று அந்த வெள்ளைத் திரையை இன்னும் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

மறுபடி படம் ஓடியதும் எடுத்த எடுப்பிலேயே பெண்டாட்டி துப்பாக்கியும் கையுமாக நிற்கிறாள். புருஷனைச் சுடுகிறாள். பனியில் குழி வெட்டி, இழுத்துப் போட்டு, மூடுகிறாள். வசனமே இல்லாமல் அரைமணி நேரம். பெஞ்சு டிக்கெட்டில் கைத்தட்டல். "இப்பத்தான்லே படம் சூடு புடிக்கி!" இடைவேளை. எல்லாரும் தெளிவாக இருந்தோம். கெட்டவன் செத்தான், மண்ணுக்குள் போனான், அதாவது பனிக்குள் போனான்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது. திரையில் ஒரு மேஜை. மேஜை முன்னால் செத்தவன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான்.

தியேட்டர் அமைதியானது. நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. மின்விசிறிச் சத்தம் காதில் விழுந்தது. செத்தவன் மெதுவாக ஒரு மடக்கு குடித்தான். எதிரே பெண்டாட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி, ரொட்டியை நீட்டினாள்.

"எலே, பொதைச்சவன் காபி குடிக்காம்லே!" என்று முன்வரிசைக் குரல் உடைந்தது. அவ்வளவுதான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூப்பாடு. குறட்டைக்காரர் விழித்துப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்காமல் நேரே வெளியே போனார். கோமதியின் அத்தை "ஆண்டாளே, தாயே!" என்று என் முழங்கையைப் பிடித்த பிடியில் பால்கோவா எனக்கும் அவருக்கும் பாதிப்பாதியாகப் பிரிந்தது. மாமனார் எல்லையில் நிற்பதுபோல் விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே. அப்ப அவ பொதைச்சது யாரை?"

எனக்கும் அது தெரியவில்லை. ஆனால் விளக்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டேனே! "அதுதான் மாமா கேள்வியே. கேள்விய நமக்குள்ள போட்டுட்டு டைரக்டரு ஒதுங்கிட்டாரு பாருங்க!"

கடைசியில் பெண்டாட்டி கண்ணாடி முன்னால் நின்று, வேறு யார் முகத்தையோ தடவுவதுபோல் தன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். விளக்கு போட்டுவிட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே டீக்கடையில் நான் மேடை போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். பத்து டீக்குச் சொல்லிவிட்டு ஆரம்பித்தவன்தான். முதலில் புதைத்தது அவள் பயத்தை. காபி குடித்தது அவள் குற்ற உணர்ச்சி. காலம் நேர்கோடு இல்லை, அது ஒரு வட்டம். சாவுக்குப் பிறகு வாழ்வை வைத்ததில்தான் அந்த டைரக்டரின் மேதைமை இருக்கிறது. நம் ஆட்களுக்கு இந்தத் தைரியம் வர இன்னும் நூறு வருஷம் ஆகும். நடுவில் வந்த வெள்ளைத் திரைக்கு மட்டும் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். வேற்று ஆட்கள் நாலைந்து பேரும் கிளாசோடு வந்து நின்று கேட்டார்கள். கோமதி கொஞ்சம் தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சொக்கிப்போய் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது தியேட்டர் ஆபரேட்டர் டீ குடிக்க வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. தூரத்திலேயே கும்பிட்டார்.

"ஐயா, மன்னிச்சுக்கிடணும். பெட்டி மாறிப்போச்சு."

"என்ன பெட்டி?" என்றார் மாமனார்.

ஆபரேட்டர் விவரமாகச் சொன்னார். (அவ்வளவு விவரம் தேவையே இல்லை.) படம் மொத்தம் நாலு பெட்டி பிலிம் சுருள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட். ராஜபாளையத்தில் ஒரு பெட்டி ஓடி முடிந்ததும் ரெண்டு ஆட்கள் மாற்றி மாற்றி மொபெட்டில் இங்கே கொண்டுவருவார்கள். அன்றைக்கு ரெண்டாம் பெட்டிக்காரர் வரும்போது தேர் தெரு முக்கில் திரும்பாமல் நின்றுவிட்டது. வண்டி அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. மூன்றாம் பெட்டிக்காரர் கெட்டிக்காரர், மம்சாபுரம் வழியாகச் சுற்றி முன்னால் வந்துவிட்டார். "ஜனம் விசிலடிச்சு நாற்காலிய ஒடைக்கப் பாத்துச்சு. வந்ததப் போட்டுட்டேன். தேரு நகந்த பொறவு ரெண்டாவது வந்துச்சு. அத அடுத்துப் போட்டேன். எவனுக்கும் புரியாத படந்தானேன்னு ஒரு தைரியம்."

அந்த டீக்கடையில் என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரித்ததில் மிச்சப் பால்கோவாவும் கீழே விழுந்தது. சிரிக்காத இன்னொருவர் மாமனார். கிளாசை வைத்தார்.

"மாப்ளே, தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

நான் வாயைத் திறந்தேன். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பட்டாளத்துல ஒருத்தன் இருந்தான். மேப்பு பாக்கத் தெரியாது, தெரியும்பான். பின்னால போன பதினாலு பேரும் ராத்திரி முழுக்க ஓடைக்குள்ள கெடந்தோம். இப்ப எம்மவ ஒங்க பின்னால வரப்போறவ. ஆவணி இருக்கட்டும். நான் செத்த யோசிக்கணும்."

பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குச் சேதி போயிருந்தது. "சாமி படத்துல எத்தன பெட்டி மாறினாலும் கடைசியில சாமிதானடா வரும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு மம்சாபுரம் புறப்பட்டாள். பஸ்ஸில் பாடம் நடந்தது. "போனதும், படம் மோசம், எனக்கு ஒண்ணுந் தெரியாது, மன்னிச்சிருங்கன்னு சொல்லு. எங்க, சொல்லிக் காமி." நான் சொல்லிக் காட்டினேன். மூன்று தடவை.

மாமனார் நாற்காலி போட்டார். தண்ணீர் வந்தது. அம்மா என் காலை மிதித்தாள்.

"மாமா, பெட்டி மாறினது எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரிப் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். அம்மா மூச்சு விட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆனா படம் நல்ல படம். அத மோசம்னு என்னால சொல்ல முடியாது. காபி குடிக்கையில நீங்களே நாற்காலிக் கையப் புடிச்சியளா இல்லையா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாமனாரின் மீசை ஒருதரம் அசைந்தது. ஆவணி என் கண் முன்னாலேயே தை, மாசி என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

அப்போது உள்கதவு ஓரத்திலிருந்து கோமதி பேசினாள். அதுவரை அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை.

"அப்பா, பெட்டி மாறினது எனக்கு அப்பவே தெரியும்."

"என்னட்டி சொல்லுத?"

"குழி தோண்டும்போது அவ இடது கையில கட்டு போட்டிருந்தா. பொறவு காபி குடிக்கும்போது கட்டு இல்ல. அதுக்கும் பொறவு கோப்பை ஒடைஞ்சு அதே கையக் கிழிக்கி. காயத்துக்கு முந்தியா கட்டு வரும்?"

நான் இருபத்தேழு வருஷம் வளர்த்த அறிவு மொத்தமும் அந்தக் கதவோரத்தில் சரிந்து விழுந்தது. அந்தக் கட்டை நான் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சும் டீக்கடையில ஏன் சொல்லல?" என்றார் மாமனார்.

"அவிய எம்புட்டு தூரம்தான் போறாவன்னு பாத்தேன்." தலையைக் குனிந்து சிரித்தாள். டீக்கடையில் நான் பார்த்த அதே குனிவு. "நல்ல தூரம் போனாவ."

"இந்த ஆளையா கட்டிக்கிடுத?"

"கட்டிக்கிடுதேன்ப்பா. மேப்ப நான் பாத்துக்கிடுதேன்."

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. மேப்பு அன்றிலிருந்து இன்றுவரை அவள் கையில்தான் இருக்கிறது.

சில வருஷம் கழித்து அந்தப் படத்தின் கேசட் கிடைத்தது. மாமனாரையும் உட்காரவைத்துச் சரியான வரிசையில் போட்டேன். புருஷன் வந்தான், காபி குடித்தான், செத்தான், புதைத்தாள். மாமனார் கொட்டாவி விட்டார். "அன்னைக்கு இருந்த பயம் இதுல இல்லையே மாப்ளே." நான் துள்ளிக் குதித்தேன். "அதத்தானே மாமா அன்னைக்கே சொன்னேன்! சாவுக்குப் பொறவு வாழ்வ வச்சதுலதான் மேதைமையே இருக்கு!" அவர் எழுந்து துண்டை உதறினார். "இருக்கட்டும். அது தேரோட மேதைம. ஒங்களுது இல்ல."

சமீபத்தில் என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். வரப்போகும் மாப்பிள்ளை எங்கள் எல்லாரையும் ஒரு படத்துக்கு அழைத்தான். எண்பது தாண்டிய என் மாமனார் அவனைக் கிட்டே கூப்பிட்டு, வீடே கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்?"

"தெரியல தாத்தா. பாத்தாத்தான் தெரியும்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோமதி பார்த்தாள். என் மகளும் பார்த்தாள். அத்தனை பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

பையன் நல்லவன்தான். எனக்குத்தான் அவனோடு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை.