உங்கள் தம்பி கட்டிய கம்ப்யூட்டர்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அங்கே நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தம்பி மிகவும் சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரி, அவன்கிட்ட குடு" என்பீர்கள், அவர் வாங்கி "ஒண்ணுமில்லக்கா, அவளுக்குக் கொஞ்சம் தலைவலி" என்பார், விஷயம் முடிந்துவிடும். கடிதத்தை யாரும் பாதியில் வாங்கிப் பேச முடியாது.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவனுடைய சின்ன அறை காலியானது உங்களுக்குத் தெரியும். அந்த அறை இனி எனக்கு என்று உங்கள் தம்பி வாக்குக் கொடுத்தபோது நீங்கள் எதிரே உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள், அதனால் இல்லையென்று சொல்ல மாட்டீர்கள். சம்பளப் பிரிவில் இத்தனை வருடம் ஊரார் சம்பளத்தையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் ஓய்வு பெற்ற அன்று, ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து பாட்டு வாசிக்கிற கீபோர்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குப் பாட்டு என்றால் உயிர் என்று அங்கே பியூனுக்குக்கூடத் தெரியும். வீட்டில்தான் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் வாயைத் திறந்து ஒரு வரி பாடினால் போதும், "கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணேன்" என்று கூடத்திலிருந்து குரல் வந்துவிடும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பாடியே என் காலம் போயிற்று. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, அவ்வளவுதான் நான் கேட்டது. அந்தக் கீபோர்டு இன்றுவரை அட்டைப்பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அறையில் உங்கள் தம்பி கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாங்கவில்லை அண்ணி, கட்டுகிறார். அதுவும் புதுசு இல்லை, நாமெல்லாம் தொலைந்தது சனியன் என்று தூக்கிப்போட்ட காலத்து மாடலில். இவரும் ஒரு தாடிக்காரரும் ஒரு கண்ணாடிக்காரரும் ஒரு குழுவாம். உலகம் முழுக்க இவர்களைப் போல ஆட்கள் இருக்கிறார்களாம், பொழுதுபோக்குக்காகச் சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவார்களாம், டெமோ என்று பெயராம். ஓடவிட்டால் திரையில் கலர் கலராக வளையம் சுற்றும், கீழே எழுத்து ஓடும், பின்னால் கொய்ங் கொய்ங்கென்று ஒரு பாட்டு. அது விளையாட்டும் இல்லை, சினிமாவும் இல்லை, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை மட்டும் ஓட்டுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர். "உங்க லேப்டாப்புலயே பாக்கலாமே" என்று கேட்டேன். சொத்தை எழுதிக் கொடு என்று கேட்டதைப் போல என்னைப் பார்த்தார். "அந்தக் காலத்து மெஷின்ல பாத்தாத்தான் அது அது" என்றார். எது எது என்று நானும் கேட்கவில்லை.

முதலில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது, பல்லில் காவி ஏறினாற்போல மஞ்சள். அதை வெளுக்கிறேன் என்று சொல்லி, நான் முகத்துக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் கிரீமை முழுக்க அதன்மேல் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, மணிக்கொரு தரம் போய்த் திருப்பிப் போட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு தரம் எட்டிப் பார்த்தவர் இவர். தாள் சுருங்கின இடமெல்லாம் வெளுக்காமல், கடைசியில் பெட்டி வரிக்குதிரையாகத்தான் இறங்கி வந்தது. அதற்கப்புறம் பழைய குண்டு மானிட்டர் ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்து வைத்தார்கள், வைத்ததும் மேசை வளைந்தது, உடனே நாங்கள் சாப்பிடுகிற மேசை உள்ளே போய்விட்டது, இப்போது நானும் அவரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். பழைய டிஸ்க்குக்குப் பதிலாகச் சத்தமே போடாத மெமரி கார்டு ஒன்றை வாங்கி உள்ளே செருகினார், சரி, இதிலாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். மறுவாரம், அந்தக் காலத்து டிஸ்க் மாதிரி டிக் டிக்கென்று சத்தம் வர வேண்டுமென்று தனியாக ஒரு கருவியை வரவழைத்து மாட்டினார். சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் அண்ணி, இந்த மனுஷன்.

இன்னொன்றும் கேளுங்கள். பெட்டியின் முன்பக்கம் டர்போ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் வேகம் கூடும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். குறைகிறது. மெஷின் வேகமாக ஓடினால் படம் பாட்டை முந்திக்கொண்டு ஓடிவிடுமாம், அதனால் இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். வேலையில் இருந்தவரைக்கும் "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று தினமும் என்மேல் எரிந்து விழுந்தவர், இன்று நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டரை ஸ்லோவாக்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மூன்று பேரும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வளையம் சுற்றியது. வயதான மூன்று ஆண்கள் அதற்குக் கைதட்டினார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், தட்டில் கிளாஸ் லேசாக இடித்தது. உங்கள் தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணேன், பாட்டு ஓடுது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது அண்ணி. கோபம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், ஆனால் அழுகைதான் வந்தது.

அவர் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். நேரில் வந்து, கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தி, அந்த அறையைக் காலி செய்ய வைக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போகிறேன். அவர் அந்த வரிக்குதிரையோடு குடும்பம் நடத்தட்டும்.

அண்ணனின் முட்டிவலி இப்போது எப்படி? அவருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், முக்கியமாக இன்னும் கல்யாணமாகாத சின்னவளுக்கு.

இப்படிக்கு,
சொந்த வீட்டில் கூடத்தோடு நிற்கும்
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: அண்ணி, நீங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அந்த டிக் டிக் தாங்க முடியவில்லை. அவரும் வீட்டில் இல்லை. அணைத்துத் தொலைக்கலாம் என்று போய் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினேன். வளையம் போய், கட்டம் கட்டமாக எண்கள் வந்து நின்றன. தாடிக்காரர் உட்கார்ந்து பாட்டுப் போடும்போது பார்த்திருக்கிறேன், அந்தப் புரோகிராம்தான் அது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பத்தி, ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் ஒரு வரி, அச்சு அசலாக எங்கள் சம்பளப் பட்டியல். ஒரு கட்டத்தை மாற்றினேன், பாட்டு மாறியது. குழாய்த் தண்ணீரோடு போன என் மெட்டு ஒன்றைப் பாதிவரை ஏற்றிவிட்டேன். இதில் சத்தத்துக்கென்றே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது அண்ணி. எல்லா வரியிலும் உச்ச அளவைப் போட்டிருக்கிறேன்.

கீபோர்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தாயிற்று. கதவு உள்பக்கம் தாழ். உங்கள் தம்பி வந்து தட்டு தட்டென்று தட்டினார். "கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணுங்க, பாட்டு ஓடுது" என்றேன். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன், இப்போது கூடத்தில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உங்களுக்குத்தான் ஏதோ எழுதுகிறார். வந்து சேர்ந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கொஞ்சம் தலைவலி.