கழுவிய கரும்பலகை

கரும்பலகை பளிச்சென்று இருந்தது. அதுதான் வில்லங்கம்.

செத்த வீட்டைக் கழுவாமல் விடுவது மன்னாரில் பிறந்த செலஸ்ரீனாவுக்கு ஆகாத காரியம். பிழைக்க வந்த வெளிநாட்டில், பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்து அந்த வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்ததே பேராசிரியர் மஞ்சாபானே கண்ணை மூடிய பிறகுதான். சுவர், கதவு, தரை எல்லாம் கழுவியவள், அதே கையோடு பலகையையும் கழுவிவிட்டாள். கணிதப் பகுப்பாய்வில் கொடிகட்டிப் பறந்து, முடிவிலியை நாய்க்குட்டிபோல் இழுத்துத் திரிந்த மனிதர் பலகையில் படிப்படியாய் நிரூபித்து வைத்த கடைசி நிறுவல் வாளித் தண்ணீரோடு போயிற்று.

பின்னேரம் அவருடைய மாணவர்கள் அதைப் படமெடுக்க வருகிறார்கள். வீட்டுக்கார அம்மா, அவருடைய விதவைச் சிஞ்ஞோரா, அதற்காகத் தலை அலங்காரம் செய்யப் போயிருந்தாள்.

செலஸ்ரீனா எமிலியானாவுக்குப் போன் அடித்தாள். "மச்சாள், என்ரை வேலை போச்சு. வேலை போனால் பெர்மெஸோவும் போச்சு, இந்த நாட்டிலை இருக்கேலாது!"

"முதல் நாள் அறையைப் படம் பிடிச்சு வைப்பாய் எல்லோ, சாமான் இடம் மாறாமல் இருக்க? அதைப் பார்த்து எழுதன்."

படம் இருந்தது. நடுவில் மட்டும் யன்னல் வெளிச்சம் விழுந்து வெறும் வெள்ளை. சுற்றிவர உள்ளதை எழுதி, நடுவில் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது நடுப்பகுதி குறுக்கே வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் வேறொன்று. வெண்கட்டித் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"மச்சாள், மனுசன் வந்து திருத்துது!"

"எத்தினை பேரைப் பெயிலாக்கின கையடி, செத்தாப்போலை சும்மா இருக்குமோ? தீர்த்தம் தெளி!"

தெளித்தாள். நனைந்த பலகையை விட்டு எழுத்து சுவரில் ஏறியது. டக், டக் என்று வெண்கட்டி தட்டும் சத்தம், ஆளைக் காணோம். அவள் முழங்காலில் நின்று செபமாலையை உருட்ட, எழுத்து அலுமாரியைச் சுற்றி, கதவடிக்கு வந்து, நிறுவல் முடிந்ததென்று ஒரு சின்னச் சதுரம் போட்டு ஓய்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சிஞ்ஞோரா. பின்னால் நரைத்த தலையோடு மூன்று மாணவர்கள்.

"மாயெஸ்த்ரோ முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறார்!" என்று ஒருவர் விம்மினார். படமெடுத்து, சுவரைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள்.

செலஸ்ரீனாவுக்கு வேலையைவிட உயிர் பெரிதாய்ப் பட்டது. உள்ளதெல்லாம் சொன்னாள். "என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ, சிஞ்ஞோரா. பேராசிரியற்றை ஆவி இஞ்சைதான் நிக்குது."

சிஞ்ஞோரா கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அவற்றை ஆவியோ? விசரி, அது நாங்கள் இந்த வீட்டை வாங்க முதலே எழுதிக்கொண்டிருந்தது. அவர், பாவம், சாகுமட்டும் பார்த்துக் கொப்பியடிச்சவர்."