மூன்றாம் நம்பர் மெஷினில் ஒரு பொட்டு

2006ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். சித்திரை பிறப்பதற்குள் புஹாரியைச் சுட்டே தீருவது!

பயப்படாதீர்கள். புஹாரி பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் தங்கமான மனிதர். எனக்கு வேட்டி கூட அவர்தான் கொடுப்பார். நான் சுட நினைத்தது கம்பியூட்டருக்குள் இருக்கிற புஹாரியை.

என் பெயர் வீரய்யா. பெயரில் மட்டும்தான் வீரம். ஹாலிஎலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தோட்டத்தில் ஐந்நூறு பேர் "கிளாக்கரய்யா" என்று கூப்பிட்டால் நிமிர்ந்து நடப்பேன். குவாட்டர்ஸுக்குள் ஒரே ஒருத்தி "ஏங்க" என்றால் அப்படியே குனிந்துவிடுவேன். அந்த ஒருத்தி என் மனைவி தனலெட்சுமி. தனம் பிளவுஸ் தைப்பதில் கெட்டிக்காரி. தைத்ததைச் செவ்வாய்க்கிழமைகளில் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு சனிக்கிழமை ஏதோ போட்டோக்கொப்பி எடுக்கப் பதுளையில் ஜௌபரின் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். உள்ளே பலகை அடித்துப் பிரித்த அறைகளில் பத்துக் கம்பியூட்டர். ஒன்பது பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "சும்மா இருந்து பாருங்க அண்ணன்" என்றான் ஜௌபர். இருந்தேன். நாலு செக்கனில் செத்தேன். அன்றைக்கு மட்டும் முப்பத்தொரு தடவை செத்தேன். அதில் இருபத்தெட்டு, புஹாரியின் கையால்.

வீட்டில், "கம்பியூட்டர் கிளாஸ் போறேன் தனம்" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. கம்பியூட்டர் இருந்தது. கிளாஸ், அதன் முன்பக்கம் இருந்தது.

அந்த விளையாட்டில் திரையின் நடுவே ஒரு கூட்டல் குறி தெரியும். அதை எதிரியின் மேல் வைத்துத்தான் சுட வேண்டும். அந்தக் குறியை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று ஜௌபர் சொன்ன நாளில் இருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம். தடிப்பு, மெல்லிசு. நடுவில் இடைவெளி கூட்டலாம், குறைக்கலாம். ஓடினால் விரிகிற கூட்டல் ஒன்று, ஓடினாலும் விரியாத கூட்டல் ஒன்று.

நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். சிவப்பு வைத்தால் செங்கல் சுவரில் கரைந்துபோனது. மஞ்சள் வைத்தால் மணலில் மறைந்துபோனது. பெரிதாக வைத்தேன், குறிக்குப் பின்னால் புஹாரி ஒளிந்துகொண்டார். சிறிதாக வைத்தேன், புஹாரி தெரிந்தார், குறி தெரியவில்லை. நான் கூட்டலை மாற்றிக்கொண்டே இருந்தேன். புஹாரி என்னைக் கழித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன், நீங்க குறியைத் தேடுறீங்க, அவர் உங்களைத் தேடுறார்" என்றான் ஜௌபர்.

கடைசியில், தூரத்தில் இருந்தே சுடுகிற நீளத் துவக்குக்கு மாறினேன். ஒரே வெடியில் ஆள் சரி. ஆனால் அதில் ஒரு கோளாறு. அதன் தலையில் இருக்கிற தூரக்கண்ணாடிக்குள் பார்த்தால்தான் குறி தெரியும். சும்மா பிடித்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. நான் கண்ணாடிக்குள் பார்த்து முடிப்பதற்குள் புஹாரி என்னை முடித்துவிடுவார்.

"திரைக்கு நடுவுல சின்னதா எதையாச்சும் ஒட்டிக்கிட்டா அதையே குறியா வச்சுச் சுடலாம் அண்ணன். சில ஆக்கள் அப்படித்தான் செய்றாங்க" என்றான் ஜௌபர்.

சின்னதாக. வட்டமாக. ஒட்டுகிற மாதிரி. எங்கள் வீட்டுக் கண்ணாடி கண்முன் வந்தது. தனம் தன் ஸ்டிக்கர் பொட்டுகளை முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில்தான் வரிசையாக ஒட்டி வைப்பாள். அடுத்த சனிக்கிழமை அரக்கு நிறப் பொட்டு ஒன்றைச் சட்டைப் பைக்குள் இருந்த பஸ் டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போனேன். நான் வழக்கமாக உட்காரும் மூன்றாம் நம்பர் மெஷினின் நெற்றியில் பொட்டு வைத்தேன். அன்றைக்குப் புஹாரியை இரண்டு தடவை சுட்டேன்! அவர் எழும்பி வந்து கைகொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொட்டில் பெரிது, சிறிது, கல் வைத்தது, வைக்காதது என்று எத்தனை வகை! ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். போதாததற்கு, சித்திரைக்கு முன்னால் அப்புத்தளைக் கம்பியூட்டர் கடைக்காரர்களோடு போட்டி என்று ஏற்பாடாகியிருந்தது. பதுளை அணியில் ஜௌபர், புஹாரி, ஒரு பஸ் கண்டக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஐந்தாவது ஆளாக நான். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் திறமை என்று அப்போது நினைத்தேன்.

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது குண்டு வீட்டுக்குள் வெடித்தது.

ஒரு வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தேன். தனம் கண்ணாடிக்கு முன் நின்றாள். பக்கத்து வீட்டு இராக்கம்மா வாசலில் சாய்ந்து நின்றாள். ஊரில் எது நடந்தாலும் அந்த அம்மாள் வந்துதான் ஆரம்பிக்கும்.

"ஏங்க, இந்தக் கண்ணாடியில இருந்த பொட்டெல்லாம் எங்க?"

"கீழ விழுந்திருக்கும்."

"ஆறும் ஒண்ணா விழுந்துச்சா?"

"ஈரக்காத்து தனம். பசை விட்டிருக்கும்."

"அப்ப இது என்னாங்க?" என்று தோய்க்கப் போட்டிருந்த என் சட்டைப் பையில் இருந்து எடுத்த காகிதத்தை விரித்தாள். என் கையெழுத்து. விளையாட்டுக் குறிப்பு. அதைச் சத்தமாகப் படித்தாள்:

"'சிவப்பு சரிவரல்ல. பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. தடிப்பு வேணாம், மெல்லிசே போதும். ஓடினா விரியிறது பிடிக்கல்ல. இடைவெளியைக் குறைக்கணும். புஹாரிக்குத் தெரியாம முயற்சி செய்ய வேணும்.'"

இராக்கம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அடி ஆத்தா! அப்ப புஹாரிக்கும் தெரிஞ்ச பொம்பளையாத்தான் இருக்கும்!"

"யாருங்க அந்த மெல்லிசு?" என்றாள் தனம்.

"ஐயோ, அது கூட்டல்!"

"யாரோட கூட்டு?"

"கூட்டு இல்ல, கூட்டல். கணக்குல வருமே..."

"எத்தனை நாளா இந்தக் கணக்கு? இடைவெளியைக் குறைக்கணுமாமே? நமக்குள்ள கூடிக்கிட்டுப் போறது பத்தாதுன்னு அங்க குறைக்கிறீங்களோ?"

"கிளாக்கரய்யா, பச்சைச் சேலையா கட்டும் அந்தப் புள்ள?" என்றாள் இராக்கம்மா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு வயதில், ஒரு பெரிய கிளாக்கர், "பொட்டை வைத்துப் புஹாரியைச் சுட்டேன்" என்று இராக்கம்மாவின் முன்னால் சொன்னால் மறுநாள் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தலை காட்ட முடியுமா?

தனம் திரும்பினாள். அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸை இழுக்கிற சத்தம் கேட்டது. மடுல்சீமையில் இருக்கிற அம்மா வீட்டுக்குத்தான் அந்தச் சூட்கேஸ் போகும். கல்யாணமான புதிதில் ஒருதரம் போனது. திரும்பி வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் நான் சோறாக்கிய கதையை எங்கள் வீட்டு நாய் மறந்திருக்காது.

"தனம்! சத்தியமா நான் போறது கிளாஸுக்குத்தான். நீ வேணும்னா வர்ற சனிக்கிழமை கூட வா. உன் கண்ணாலயே பாரு!"

சூட்கேஸ் நின்றது. "சரி. வாறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனில் ஜௌபரைப் பிடித்தேன். "தம்பி, நாளைக்கு ஒரு மணித்தியாலம் உன் கடை கிளாஸா மாறணும். என் குடும்பமே உன் கையில."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, "செஞ்சிருவோம் அண்ணன்" என்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் எதை யோசித்தான் என்று நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை தனத்தோடு உள்ளே நுழைந்தேன். அசந்துபோனேன். ஜௌபர் கழுத்தில் டை! சுவரில் வெள்ளைப் பலகை, அதில் 'பாடம் நான்கு' என்று எழுதியிருந்தது. கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் பவ்வியமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். புஹாரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பி நின்று "குட் ஆஃப்டர்நூன் டீச்சர்" என்றார். தனத்தைப் பார்த்து!

"பாத்தியா தனம்? கிளாஸ்!" என்றேன்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் போனாள். குனிந்தாள்.

அரக்கு நிறப் பொட்டு. எடுக்க மறந்திருந்தேன்.

"இது என் பொட்டு" என்றாள்.

கண்டக்டரின் விரல் 'அ'வில் நின்றது. பலகையும் டையும் புஹாரியின் பவ்வியமும் ஒரு பொட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. நான் எல்லாவற்றையும் கக்கினேன். விளையாட்டு, கூட்டல், நீளத் துவக்கு, புஹாரி, ஆறு பொட்டு. பேசப் பேச, எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது.

தனம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப வேற பொம்பள இல்லையா?"

"அந்த விளையாட்டுல பொம்பளையே இல்ல தனம். எல்லாரும் முகத்தை மூடிக்கிட்டு ஓடுற ஆம்பளைங்க!"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு கையை நீட்டி, அந்தப் பொட்டை உரித்து, ஒரு நூல் அளவு இடப்பக்கம் தள்ளி ஒட்டினாள்.

"கோணலா இருந்துச்சு" என்றாள்.

பெண்பிள்ளைகளுக்கு எங்கே போனாலும் இந்தக் கவலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களை மன்னிக்கிறேன். ஆனா ஒரு கண்டிசன். இனி இந்த விளையாட்டைத் தொடமாட்டேன்னு இவங்க முன்னுக்குச் சத்தியம் பண்ணுங்க. போட்டியும் கிடையாது."

சூட்கேஸ் மடுல்சீமைக்குப் போகாது என்றால் நான் எதையும் விடுவேன். கீபோர்டின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். "அக்கா மனசு ஆறணும்னா அண்ணன், விலகுறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று ஜௌபர் உடனே ஒரு தாளை நீட்டினான். எழுதியும் கொடுத்தேன். புஹாரி என் முதுகைத் தட்டினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

அன்று மாலை தனம் ரொட்டி சுட்டாள். தொட்டுக்கொள்ள மிளகாய் வைத்துக் கட்டச்சம்பலும் இடித்தாள். சூட்கேஸ் கட்டிலுக்கடிக்குத் திரும்பிப் போனது. நெஞ்சில் இருந்து ஒரு மூட்டைக் கொழுந்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நாலு ரொட்டி தின்றேன்.

போட்டி நாளன்று, "நீங்க பாக்கத்தானே போறீங்க, நானும் வாறேன். ஜௌபரோட சம்சாரம் ஸுபைராவுக்குப் பிளவுஸ் குடுக்கணும்" என்றாள் தனம். எவ்வளவு பெருந்தன்மை!

அப்புத்தளைக்காரர்கள் ஐந்து பேரும் குளிர்ச்சட்டையோடு வந்து இறங்கினார்கள். உட்காருமுன்பே விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்கள். ஜௌபர் எங்கள் அணியின் பெயர்களை வாசித்தான். "ஜௌபர். புஹாரி. கண்டக்டர் அண்ணன். மருந்துக்கடை அண்ணன்..." ஐந்தாவது யாராக இருக்கும் என்று நானும் கழுத்தை நீட்டினேன்.

"தனலெட்சுமி அக்கா."

தனம் கைப்பையை என் மடியில் வைத்தாள். மூன்றாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து, பார்க்காமலே திரையின் நடுவில் ஒட்டினாள். சரியாக நடுவில்.

நான் ஸுபைராவைப் பார்த்தேன். ஸுபைரா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "தை மாசம் பிளவுஸ் கொண்டாந்தப்ப அக்கா இந்தப் பொட்டைக் கண்டுட்டாங்க அண்ணன். யாரு ஒட்டினதுன்னு கேட்டாங்க, சொன்னோம். ஒருக்கா விளையாடிப் பாத்தாங்க. அதுக்குப் பொறகு ஒரு செவ்வாய்க்கிழமை தவறல்ல."

"அப்ப அந்தச் சூட்கேஸ்? காகிதம்? அழுகை?"

"அணிக்கு அஞ்சு பேர்தானே அண்ணன்" என்றார் புஹாரி, என் முகத்தைப் பார்க்காமல். "உங்களை விலகுங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரல்ல. அக்காதான், 'அவரே எழுதிக் குடுப்பாரு, நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாங்க."

"நீ டை கட்டினது?" என்று ஜௌபரைக் கேட்டேன்.

"அதுவும் அக்காதான் அண்ணன். பாக்க உண்மை மாதிரி இருக்கணும்னாங்க."

ஆட்டம் ஆரம்பித்தது. அப்புத்தளைக்காரர்கள் மின்னல். நானாக இருந்திருந்தால் விளையாட்டின் முதல் கதவைக்கூடத் தாண்டியிருக்கமாட்டேன். தனம் அசையவே இல்லை. ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு இருந்தாள். ஒரு வெடி, ஓர் ஆள். ஒரு வெடி, ஓர் ஆள். பதுளை வென்றது. அப்புத்தளைக் கெப்டன் எழும்பி வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

உண்மையைச் சொல்லுகிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஊர் முன்னால் முப்பத்தொரு தடவை சாகாமல் தப்பினேனே என்ற ஆறுதல்தான் வந்தது. ஹாலிஎலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டேன்.

"மூணே மாசத்துல எப்படித் தனம் இப்படிக் குறி தப்பாமச் சுடுற?"

"மூணு மாசமா?" என்றாள் தனம். "பதினாலு வருசமா ஒரே ஆளைக் குறி வச்சுப் பழகின கைங்க இது. அந்த ஆளு ஒரு நாளாச்சும் ஒளியத் தெரிஞ்சுக்கிட்டாரா?"