முதல் மனுதாரர் இரண்டாம் மனுதாரருக்கு எழுதியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம்.

இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் மூத்த மகன் குடும்பமும், உங்கள் செரிமானமும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, நீங்கள்தான் போனையே எடுப்பதில்லையே. அதனால்தான் கடிதம்.

இன்னும் சில நாளில் குடும்ப நீதிமன்றத்திலிருந்து உங்களுக்கு ஒரு தபால் வரும். நின்றுகொண்டு பிரிக்காதீர்கள், உட்கார்ந்துகொண்டு பிரியுங்கள். அதில் நீங்களும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்டிருப்பதாகப் போட்டிருக்கும். பதற வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இளைய மகனும் என் மகளும் பிரிவதென்று முடிவு செய்தது நமக்குத் தெரிந்ததுதான். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. பாத்திரம் பண்டத்தைப் பிரிக்கும்போது கண்ணாடிச் சாமான்களை எல்லாம் மாப்பிள்ளையே பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். "இவ்வளவு ஒத்துமையா பிரியறதுக்கு சேர்ந்தே இருந்திருக்கலாமே" என்று என் வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, எனக்கு லீவு கிடைக்காது. என்னென்ன பேப்பர் வேணும்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. கல்யாணச் சான்றிதழ் இருக்கிற பைல் கையில இருக்கட்டும், ஆனா நீங்களா எதையும் எழுதாதீங்க." யாரைப் பார்த்து? குடிநீர் வரி அலுவலகக் கவுண்டரில் தலை நரைக்கும் வரை உட்கார்ந்து, ஊரார் படிவத்தில் எல்லாம் பிழை பிடித்துத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கிய என்னைப் பார்த்து!

நீதிமன்ற அலுவலகத்தில் குமாஸ்தா நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்கும் மனு, திருமணச் சான்றிதழ் நகல், இரண்டு பேர் அடையாள அட்டை, தனித்தனியாக வாழ்கிறோம் என்று ஒரு வாக்குமூலம், சொத்துப் பிரிப்பதில் தகராறு இல்லை என்று ஓர் ஒப்பந்தம், யாரும் மிரட்டிக் கையெழுத்து வாங்கவில்லை என்று ஓர் உறுதிமொழி. "ஒரு ஸ்பூனுக்குத் தகராறுன்னாலும் அது வேற வழக்கு சார், வேற படிவம், வேற மாடி" என்றார். எனக்கு முழங்கால் வலி, வேறு மாடி ஏற முடியாது. தகராறே இல்லாமல் முடித்துவிடலாம் என்று வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டேன். முதல் கட்டத்தில் 'முதல் மனுதாரர்' என்று இருந்தது. எங்கள் ஆபீஸில் ஒரே சட்டம்தான்: படிவத்தோடு கவுண்டர் முன்னால் யார் வந்து நிற்கிறாரோ அவர்தான் மனுதாரர். என் பெயரை எழுதினேன். 'இரண்டாம் மனுதாரர்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். ஜாதகப் பொருத்தத்திலிருந்து மண்டபம் வரை அலைந்தது நீங்களும் நானும், சான்றிதழில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நீங்களும் நானும். கட்டி வைத்தவர்கள்தானே அவிழ்த்தும் விட வேண்டும்? உங்கள் பெயரை எழுதினேன். ஸ்கூட்டர் இன்சூரன்ஸுக்கு நீங்கள் கொடுத்த அடையாள அட்டை நகல் என் பையிலேயே கிடந்தது, அதையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். பொதுச் சொத்து என்ற இடத்தில் நாம் சேர்ந்து வாங்கிய ஸ்கூட்டரைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

குமாஸ்தா சான்றிதழில் நம் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பேனாவும் கையுமாக விசாரிக்க ஆரம்பித்தார்.

"எப்போலேர்ந்து பிரிஞ்சு இருக்கீங்க?"

"அவர் மூத்த பையன் வீட்டுக்குப் போனதுலேர்ந்து."

"சண்டையா சார்?"

"சேச்சே. கூச்சம். அவராவே பேச்சை நிறுத்திட்டார்."

"பிள்ளைங்க?"

"எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு. எல்லாரும் வளர்ந்தாச்சு."

"இந்த ஸ்கூட்டரை யார் எடுத்துக்கறது?"

"அவரே எடுத்துக்கட்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. பின்னாடி உக்காந்து வழி சொல்லத்தான் தெரியும்."

அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஜன்னல்ல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன் சார். ஒரு குறை சொல்லாம பேசினது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி, ரெண்டாவது ஆள் ஆலோசகரைப் பார்க்க வரும் நாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று முத்திரையைக் குத்திவிட்டார். நல்ல சம்பந்தி என்று பாராட்டுகிறார் என நினைத்து, நானும் பெருமையாக ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் ரசீதைப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு வலியோ என்று நான் பயந்துபோனேன், பார்த்தால் சிரிப்பு. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவர்கள் சிரித்து நான் கேட்டதில்லை. அப்புறம் அவர்களே போய், அவர்கள் மனுவை ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் காரியம் சுமுகமாக நடக்கிறது. நம்முடையதுதான் நிற்கிறது. வாபஸ் வாங்கப் போனால், இரண்டு மனுதாரரும் நேரில் வந்து, சேர்ந்து நின்று கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்கிறார்கள். ஆகவே நீங்கள் வந்தே தீர வேண்டும். இது என் ஆசை இல்லை, சட்டம்.

வந்தால் ஆலோசகர் அம்மா ஒருத்தர் நம்மை எதிரெதிரே உட்கார வைத்து, "மறுபடியும் சேர்ந்து இருக்க முடியாதா?" என்று கேட்பாராம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மகளுடைய மனுவை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தேன். வங்கிக் கணக்குக்கு ஒரு கட்டம், வீட்டு முன்பணத்துக்கு ஒரு கட்டம், அவர்கள் வளர்த்த பூனைக்குக்கூட ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். சம்பந்திக்கு ஒரு இடமும் இல்லை. அவங்க பிரிஞ்சதும் நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாருன்னு எந்தப் படிவத்துலயும் போடலை. அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல நின்னு, "இனிமே எந்த முகத்தோட இங்க வர்றது"ன்னு கேட்டுட்டுப் போனீங்களே, அது என்ன கேள்வி? இருக்கிற முகத்தோட வாங்க. உங்க பையன் மேலயும் எனக்குக் கோபம் இல்ல, உங்க மேலயும் இல்ல. சாயங்காலம் ஆனா பேச ஆள் இல்லாம கஷ்டமா இருக்கு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி உங்களை மிகவும் விசாரித்தாள். மகள் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை சட்டப்படி உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாபஸுக்கு நான் ஒருவன் கையெழுத்துப் போட்டால் போதுமென்றுதான் குமாஸ்தா சொன்னார், மறுநாளே போட்டுவிட்டேன். வழக்கும் இல்லை, தபாலும் வராது, ஆலோசகர் அம்மாவும் நம்மைக் கூப்பிடப் போவதில்லை. "பொய் சொல்லிக் கூப்பிடறதுக்கு சும்மாவே கூப்பிட வேண்டியதுதானேப்பா" என்கிறாள். சரி, சும்மாவே கூப்பிடறேன். வாங்க.