பொங்கியண்ணனின் கணுக்கால்

பொங்கியண்ணன் வாய்க்காலைத் தாண்டிக் குதித்ததை ராமாத்தாள் பார்த்துவிட்டாள்.

மாட்டுக்கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தவள் தற்செயலாகத்தான் நிமிர்ந்தாள். வாழைத்தோப்புக்கு இந்தப் பக்கம் ஓடும் வாய்க்கால் அப்படி ஒன்றும் அகலமில்லை. ஆனாலும் கணுக்கால் வலி என்று மாதம் தவறாமல் அகளிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற மனுசன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே எட்டில் தாண்டினார். அந்தப் பக்கம் போய் ஒரு வாழைத்தாரைத் தட்டிப் பார்த்தார். போன மாதிரியே திரும்பியும் குதித்தார்.

வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். ராமாத்தாள் கையிலிருந்த சாணியைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"நல்லாயிருச்சாட்ட இருக்குதே!" என்று பசுவிடம் சொன்னாள்.

பசு தீவனத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அதற்கென்ன தெரியும்? ராமாத்தாளுக்கல்லவா பறிபோகப் போகிறது.

பொங்கியண்ணன் நடக்கிற ஆள் இல்லை, பறக்கிற ஆள். கல்யாண மேடையைச் சுற்றி வந்தபோது அவர் சுண்டு விரல் அவள் சுண்டு விரலோடு கோத்திருந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் நோம்பியானாலும் எழவானாலும் அவர் முன்னால், அவள் பின்னால். ஆனைகட்டிச் சந்தைக்குப் போனால் அவர் கத்தரிக்காய் பேரம் பேசி முடித்து, டீயும் குடித்த பிறகுதான் அவள் போய்ச் சேருவாள். அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லாருமே அப்படித்தான், இவர் கொஞ்சம் கூடுதல்.

ராமாத்தாளுடைய நடையும் மெதுவானதுதான். வேகமாக நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறாள் என்று சின்ன வயசில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் எதற்கும் வேகப்படுவதில்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சும் அவளுக்கு ஆகாது. அவள் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது ஒரு முறை பொங்கியண்ணன் அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, அவள் கோபத்தால் அடுத்த ஒரு வாரம் வெறும் ரசம் சாப்பிட்டார்.

ஆக, புருசனின் முதுகை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு முகத்தைத் தெரியாது. சட்டையில் எந்த இடம் முதலில் வியர்வையில் நனையும் என்பது வரைக்கும் சொல்லுவாள். ஒரு நாளாவது பக்கத்தில் நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பிய பொங்கியண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, கணுக்கால்ல ஒரு வலி. தனியாப் போனா விழுந்துருவனாட்ட இருக்குது. கூட வாயேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. வலது காலை இழுத்து இழுத்து அவர் நடக்க, அவள் பக்கத்தில் நடந்தாள். அதைவிட அதிசயம், மனுசன் பேசினார். சின்ன வயசில் பஸ் கண்டக்டராக ஆசைப்பட்டதைச் சொன்னார். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பியில் சர்க்கரையே இல்லாமல் இருந்ததையும், பயத்தில் அதை முழுசாகக் குடித்ததையும் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றாள் ராமாத்தாள்.

"சொல்லியிருந்தா பொண்ணு இல்லைன்னு சொல்லிப்போட்டா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, எதிரே எருமைகள் வந்ததால் அவர் கவனிக்கவில்லை.

பால் சொசைட்டியில் பக்கத்துத் தோட்டத்துக் கற்பகம் கண் கொட்டாமல் பார்த்தாள். "ஏனக்கா, இப்பெல்லாம் ஜோடி போட்டுட்டுத்தான் வர்றீங்களாட்ட?"

"அவருக்குக் கால் வலி கண்ணு. வேறென்ன?" என்றாள் ராமாத்தாள். வருத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் காதுவரைக்கும் போய்விட்டது.

அகளிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மாதம் ஒரு சனிக்கிழமை கால் டாக்டர் வருவார். பாதத்துக்கும் கணுக்காலுக்கும் என்றே தனியாகப் படித்த டாக்டர். முன்பெல்லாம் இந்த மலையில் கால் பிசகினால் கோயமுத்தூருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நொண்டிக்கொண்டே காலம் தள்ள வேண்டும். இப்போது கோயமுத்தூரே வேன் ஏறி வந்தது. டாக்டர் பெயர் மௌனிகா. சின்ன வயசு, பெயருக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரல். கூடவே செருப்புச் செய்து கொடுக்கும் ஷிஜு. பாலக்காட்டுக்காரர், நரைத்த மீசை, பாதித் தமிழ் பாதி மலையாளம்.

முதல் தடவை போனபோது பொங்கியண்ணன் மட்டும் தனியாக உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். அப்புறம் டாக்டர் இருவரையும் கூப்பிட்டு மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார்.

"நீங்களும் கையப் பிடிச்சுட்டுக் கூட நடங்கம்மா. அவர் விழுந்துடக் கூடாதில்ல?"

நடந்தார்கள். டாக்டர் தரையில் உட்கார்ந்து கூர்ந்து பார்த்தார். மறுபடி நடக்கச் சொன்னார். ராமாத்தாளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஊரறியக் கைகோத்து நடக்க வேறெங்கே முடியும்?

டாக்டர் இருவருக்கும் சொன்னது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சி. உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்துக்கொள்வது. இருவருக்கும் மெத்தென்ற செருப்பு. பொங்கியண்ணனுக்கு ஷிஜு பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். ராமாத்தாளுடைய காலைத்தான் அச்சில் அமுக்கி, திருப்பித் திருப்பி அளவெடுத்தார்.

"வலி அவருக்குங்க. எனக்கெதுக்குங்க செருப்பு?"

டாக்டர் பொங்கியண்ணனைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஜோடி மாட்டுல ஒண்ணு ஒரு தினுசாவும் இன்னொண்ணு வேற தினுசாவும் நடந்தா வண்டி நேராப் போகுமா?"

"என்னை மாடுங்கறீங்களா?"

"நானுந்தானே புள்ள மாடு."

இப்படியாக நாலைந்து மாதம் சொர்க்கமாகப் போனது. இப்போது என்னடாவென்றால், மாடு வாய்க்காலைத் தாண்டுகிறது.

அன்றே ராமாத்தாள் காரியத்தில் இறங்கினாள். கால் ரொம்ப மோசமாகவும் வேண்டாம், முழுசாக நன்றாகவும் வேண்டாம். இருக்கிறபடியே இருந்தால் போதும்.

சாயங்காலம் பொங்கியண்ணன் பயிற்சிக்காகச் சுவரருகே வந்தார்.

"வாழைக்குத் தண்ணி கட்டி அலுத்துப்போயிருப்பீங்க. நீங்க உக்காருங்க. உங்களுக்குஞ் சேர்த்து நானே பண்ணிப்போடறேன்" என்றாள்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கட்டிலில் சாய்ந்தார். "இன்னுங் கொஞ்சம் ஒசரமா எந்திரி புள்ள. ஆங், அப்படித்தான்" என்று அங்கிருந்தே அதிகாரம் வேறு. சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டே ராமாத்தாள் இரண்டு பேருக்கான பயிற்சியையும் செய்தாள். சந்தேகம் வராமல் இருக்க வேண்டுமே என்று ஒழுங்காகவே செய்தாள்.

அடுத்தது வெந்நீர். சூட்டில் அவர் கால் குணமாகிவிடும் என்று, தன் காலை முதலில் விட்டு ஆறவைத்தாள்.

"பதமா இருக்குதான்னு பாக்கறனுங்க."

"நல்லாப் பாரு. எனக்கென்ன அவசரம்?" என்று அவர் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார். திரும்பி வரும்போது தண்ணீர் பச்சைத் தண்ணீராகியிருக்கும். ராமாத்தாளுக்கு உள்ளுக்குள் வெற்றிச் சிரிப்பு.

போதாததற்கு மாரியம்மன் கோயிலுக்கும் போனாள். கால் நன்றாக வேண்டும் என்று கேட்கிற கூட்டத்தில், "அவரு கால் இருக்கறபடியே இருக்கட்டும் தாயே!" என்று இவள் ஒருத்தி கேட்டாள். அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் பலனில்லை. சொசைட்டிக்குப் போகும்போது பொங்கியண்ணனின் வேகம் கூடிக்கொண்டே வந்தது. காலை இழுப்பதும் குறைந்துவிட்டது. ராமாத்தாள் விடாமல் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். விட்டால் பிடிக்க முடியாது என்ற பயமே தன் காலுக்கு வேகம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வருகிற அடுத்த சனிக்கிழமை, இருவரையும் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு அவர் கை தட்டினார்.

"சூப்பர்! ரொம்ப நல்ல முன்னேற்றம். அடுத்த மாசம் ஒரே ஒரு தடவை வாங்க, பார்த்துடறேன். அதுக்கப்புறம் வரவே வேண்டாம்."

ராமாத்தாள் பதறி முன்னால் வந்தாள். "அவசரப்படாதீங்க டாக்டரம்மா. ராத்திரியெல்லாம் வலியில மொனகறாருங்க."

"நானா?" என்றார் பொங்கியண்ணன்.

"தூங்கறவிங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? கேக்கறவ நானு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். ராமாத்தாளுக்குக் கோபம் வந்தது. ஒரு குடும்பம் கெடப் போகிறது, இந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு.

அந்த மாதம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும், இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தபடியே நடந்தாள். அவர் பேசுகிறபோது பேச்சைவிட அவர் முகத்தையே பார்த்தாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருசம் கூட இருந்துவிட்டு இதைக்கூடப் பார்க்காமல் போனோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணுல என்ன புள்ள?"

"தூசிங்க."

கடைசி முறை டாக்டரைப் பார்க்கப் போகிற சனிக்கிழமை விடிந்தது. ராமாத்தாள் துணிந்துவிட்டாள். பொங்கியண்ணனுடைய மெத்தென்ற செருப்பில் ஒன்றை எடுத்து வைக்கோல் போருக்குள் ஆழமாகச் செருகினாள். செருப்பு இல்லாவிட்டால் டாக்டர் புதிதாகக் கொடுப்பார். புதுச் செருப்புப் பழக இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் வேறு யோசனை வராமலா போகும்?

பொங்கியண்ணன் தேடினார். கட்டிலுக்கடியில் பார்த்தார், நாயைத் திட்டினார். கடைசியில், மூலையில் கிடந்த அடி தேய்ந்த பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ராமாத்தாள் அப்போதுதான் அங்கே கழுவிவிட்டிருந்தாள்.

தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு முனகல்.

இத்தனை மாதமாகக் கேட்ட முனகல் மாதிரி இது இல்லை. அதில் ஒரு ராகம் இருக்கும். இதில் கெட்ட வார்த்தை இருந்தது.

ராமாத்தாள் ஓடினாள். பொங்கியண்ணன் ஈரத் தரையில் உட்கார்ந்து இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பன் மாதிரி வீங்கியது.

"ஐயோ! வலதுதானுங்களே வலிக்கற காலு! இப்ப இடதும் போச்சுங்களே!"

"எது போனா என்ன? மொதல்ல தூக்கி உடு புள்ள!"

அவரைத் தூக்கி, தோளில் சாய்த்து, தோட்டத்துத் தடம் முழுக்கத் தாங்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து ஜீப் பிடித்தாள். வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவளைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஷிஜு பின்பக்கம் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் பொங்கியண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நரம்புப் பிசகுதான் என்றார்.

"என்னாச்சு? எப்படி விழுந்தீங்க?"

"செருப்பு வழுக்கிருச்சுங்க" என்றார் பொங்கியண்ணன்.

அதற்கு மேல் ராமாத்தாளால் தாங்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

"செருப்பு இல்லீங்க, நான். நான்தானுங்க டாக்டரம்மா. இவரு செருப்பை ஒளிச்சு வெச்சது நான். எக்ஸர்சைஸ் பண்ண உடாம நானே பண்ணிப்போட்டேன். வெந்நியில என்ற காலை உட்டு ஆற வெச்சேன். கோயல்ல வேண்டிக்கூட வந்தனுங்க."

"எதுக்கும்மா?" டாக்டரின் பெரிய குரல் முதல் முறையாகச் சின்னதாகியிருந்தது.

"இவரு காலு நல்லாயிட்டா மறுக்கா முன்னால போயிருவாருங்க. நான் மறுக்கா முதுகையே பாத்துட்டு நடக்கோணும். இந்த அஞ்சாறு மாசமாத்தானுங்க இவரு மூஞ்சியப் பாத்துட்டு நடக்கறேன். அது போயிருமேன்னு பயந்துட்டனுங்க. புருசன் காலை ஒடிக்கற பொண்டாட்டி உலகத்துல உண்டுங்களா?"

அவள் விம்மி விம்மி அழுதாள். டாக்டர் பொங்கியண்ணனைப் பார்த்தார். பொங்கியண்ணன் மேலே சுற்றும் மின்விசிறியை, அதை இன்றுதான் கண்டுபிடித்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. கை மட்டும் மெல்ல நகர்ந்து வந்து ராமாத்தாளின் சுண்டு விரலைப் பிடித்தது.



அப்போது பின்வாசல் வழியாகப் பெட்டியோடு உள்ளே வந்த ஷிஜு, நாற்காலியில் நீட்டியிருந்த காலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஐயோ டாக்டரே, சேட்டனுக்கு இன்னிக்கு நெஜமாவே வீங்கியிருக்கே! இத்தனை மாசமும் சேச்சியோட காலுக்கு வேண்டித்தானே சேட்டன் நொண்டிட்டு வந்தது?"